ஊதா மைப் புள்ளி

சுத்தம் சுத்தம் என்று எல்லார் உயிரையும் எடுக்கிறவள் நான். என் பிள்ளைகளைக் கேட்டால் ஆளுக்கு ஒரு கதை சொல்வார்கள். மூக்குக்கண்ணாடியைப் புடவைத் தலைப்பில் துடைக்கிற யாரைப் பார்த்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒருமுறை பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த, முன்பின் தெரியாத ஓர் அம்மாளிடம் கண்ணாடியைக் கேட்டு வாங்கி, துடைத்துக் கொடுத்திருக்கிறேன். அந்த அம்மாள் அடுத்த ஸ்டாப்பிலேயே இறங்கிவிட்டார். இந்தப் புத்தி எனக்குப் பிறந்த வீட்டில் வந்ததில்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் பதினெட்டு வருஷம் லென்ஸ் துடைத்ததில் வந்தது. அதனால் என் வீட்டில் என்ன நடந்தது என்பதையும் நானே சொல்லிவிடுகிறேன். மற்றவர்கள் சொன்னால் எனக்காகக் கொஞ்சம் பூசி மெழுகிவிடுவார்கள்.

எண்பதுகளின் கடைசி. ஆவடியில் அப்பாவுக்குக் கொடுத்திருந்த குவார்ட்டர்ஸிலிருந்து கல்யாணமாகி வெளியே வந்து, ரயில்வே லைனுக்கு அந்தப் பக்கம் ஓர் ஓட்டு வீட்டில் வாடகைக்கு இருந்தோம், நானும் என் வீட்டுக்காரரும். காலையில் இரண்டு பேரும் ஒரே எலெக்ட்ரிக் ட்ரெயினில் ஏறிப் பட்டரவாக்கத்தில் இறங்குவோம். நான் லேடீஸ் பெட்டி, அவர் வாசலில் தொங்கல். ஸ்டேஷனிலிருந்து எஸ்டேட்டுக்கு நடக்கும் வழியில் ஒரு டீக்கடையில் ஆளுக்கு ஒரு டீ, நடுவில் ஒரு பட்டர் பிஸ்கட். சங்கு ஊதுகிறவரை அந்தத் தகரக் கூரைக்குக் கீழே நின்று சண்டை போடுவோம். எதற்கு என்றெல்லாம் கேட்கக் கூடாது, அந்த வயதில் சண்டைக்கு விஷயம் வேண்டாம். சங்கு ஊதியதும் அவர் இடப்பக்கம் ஃபோர்ஜிங் கம்பெனிக்குப் போவார், நான் வலப்பக்கம் லென்ஸ் பட்டறைக்குப் போவேன். இப்போது அந்த வழியாகப் போனால் எனக்கு அந்த டீயின் இஞ்சி வாசனைதான் முதலில் வரும்.

எங்கள் பட்டறையில் இருபது பேர். முன்னால் ஆண்கள் சிவப்புப் பொடி போட்டு லென்ஸ் தேய்ப்பார்கள். பின்னறையில் என் மேஜை. அங்கே ஃபேன் போடக் கூடாது, தூசி பறக்கும். சித்திரை மாதத்தில் அந்த அறையில் உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும். தேய்த்து வருகிற லென்ஸையெல்லாம் பார்த்து, இது பாஸ், இது கழிவு என்று சொல்வது என் வேலை. அதற்கு ஒரு முறை வைத்திருந்தேன். எந்த லென்ஸ் மேஜைக்கு வந்தாலும் முதல் காரியம் ஸ்பிரிட்டில் நனைத்த மஸ்லின் துணியால் துடைப்பது. விரல் ரேகை, தேய்க்கிறவர்கள் ஓரத்தில் போடும் பென்சில் நம்பர், மை, எது இருந்தாலும் போய்விட வேண்டும். பிறகுதான் பூதக்கண்ணாடியைக் கையில் எடுப்பேன். "அந்தம்மா கைல குடுத்தா நம்ம மூஞ்சியையே அழிச்சிடும்" என்று முன்னால் இருப்பவர்கள் கிண்டல் செய்வார்கள். எனக்கு அதில் உள்ளூரப் பெருமைதான்.

என் வீட்டுக்காரரின் வேலை அதைவிட விசித்திரம். அவர் நெருப்பைப் பார்க்கிறவர். கை மொத்தத்துக்கு இருக்கும் இரும்புத் துண்டுகளை உலையில் போட்டு வெள்ளையாகக் காயவைத்து, வெளியே இழுத்து ஹேமரில் வைத்து அடிப்பார்கள். அந்தத் துண்டுக்குப் பில்லட் என்று பெயர். கொஞ்சம் முன்னால் எடுத்தால் அடி வாங்கியும் உருவம் வராது. கொஞ்சம் பின்னால் எடுத்தால் இரும்பே எரிந்து பொறி பறக்கும், எதற்கும் உதவாது. சரியான நேரத்தில் பில்லட்டின் ஓரத்தில் ஈரம் பட்டதுபோல ஒரு மினுமினுப்பு ஓடும். அதை அவர்கள் 'ஓரம் வேர்க்குது' என்பார்கள். உலையின் பக்கவாட்டில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சின்னக் கதவு. சங்கிலியை இழுத்தால் திறக்கும். அதன் வழியாகப் பார்த்து, ஓரம் வேர்த்ததும் "அடி!" என்று குரல் கொடுக்க வேண்டும். அந்த உலைக்கு அவர் ஒருவர்தான். நீலக் கண்ணாடி கொடுத்திருந்தார்கள், ஆனால் அதைப் போட்டால் வேர்ப்பது தெரியாது என்று நெற்றிக்கு ஏற்றிவிட்டு வெறும் கண்ணால் பார்ப்பார். எப்போதும் வலது கண்.

கல்யாணமாகி மூன்றாவது வருஷம் அந்த வலது கண்ணில் புகை தெரிகிறது என்றார். கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். டாக்டர் விளக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு என்ன வேலை என்று கேட்டார். சொன்னோம். கண்புரை மட்டும் என்றால் எடுத்துவிடலாம், உள்ளே விழித்திரையிலும் சூடு பட ஆரம்பித்திருக்கிறது, இன்னும் இப்படியே நேராக நெருப்பைப் பார்த்தால் இந்தக் கண் போய்விடும், பிறகு அதைத் திருப்ப முடியாது என்று சொன்னார். வெளியே வந்ததும் என் வீட்டுக்காரர், "டாக்டர்னா அப்படித்தான்மே பயமுறுத்துவாங்கோ. அத்தெல்லாம் மனசுல வச்சிக்காத" என்றார். நான் ரோட்டிலேயே உட்கார்ந்து அழுதேன். வேலையை விடுங்கள் என்றால், வேறு என்ன வேலை தெரியும் அவருக்கு? அவர் அப்பா காலத்திலிருந்து நெருப்புப் பார்த்த குடும்பம்.

அந்தச் சமயத்தில்தான் ஃபோர்ஜிங் கம்பெனிக்காரர்கள் எங்கள் முதலாளியிடம் ஒரு பார்வைக் குழாய் செய்து தரச் சொன்னார்கள். மூன்றடி நீளக் குழாய். ஒரு முனை உலைக்குள் எட்டிப் பார்க்கும், மறுமுனையில் ரப்பர் கப் வைத்த இடத்தில் கண்ணை வைத்தால் பில்லட் பெரிதாகத் தெரியும். நடுவில் சூட்டை வடிகட்ட ஒரு கறுப்புக் கண்ணாடி. அது ஒழுங்காக அமைந்தால் என் வீட்டுக்காரர் அந்தச் சின்னக் கதவைத் திறக்கவே வேண்டாம். முதலாளியின் காலில் விழாத குறையாகச் சொன்னேன், "சார், இதுக்கு லென்ஸ் நான்தான் பாத்துத் தேர்ந்தெடுப்பேன்" என்று.

முதலில் சாதாரணக் கண்ணாடி லென்ஸ் போட்டோம். நாலே நாளில் விரிசல். அடுத்து குவார்ட்ஸ். அது சூட்டைத் தாங்கியது, ஆட்களைத் தாங்கவில்லை. உலைக்குள் இரும்புச் செதில் தூளாகப் பறந்துகொண்டே இருக்கும். அது லென்ஸில் படிந்ததும், அங்கே இருக்கிறவர்கள் கைக்கு வந்த கந்தல் பஞ்சை எடுத்து அழுத்தித் துடைத்தார்கள். இரண்டு மாதத்தில் லென்ஸ் மோர் ஊற்றியதுபோல வெளுத்துவிட்டது. நான் அதைப் பார்த்துவிட்டு அந்தக் கம்பெனி வாசலில் நின்று போட்ட சத்தத்தை இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்கள். கடைசியில் முதலாளி, சூட்டையும் தாங்கி கீறலையும் தாங்குவது சஃபையர் ஒன்றுதான் என்று சொல்லி, குழாய்க்கும், அதே கம்பெனி கேட்டிருந்த ஒரு சூடு அளக்கும் கருவிக்கும் சேர்த்துப் பம்பாய் ஏஜென்ட் மூலம் வெளிநாட்டுக்கு எழுதிப்போட்டார்.

சஃபையர் என்றால் நீலக்கல் என்று யாரோ பட்டறையில் சொல்லிவிட்டார்கள். அவ்வளவுதான், ஊரே கூடிவிட்டது. நீலம் எல்லாருக்கும் ஒத்துவராதாம், சனிக்குரிய கல்லாம், தலையணைக்கு அடியில் மூன்று நாள் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் தொட வேண்டுமாம். என் அம்மா இன்னும் ஒரு படி மேலே. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் முதல் வரிசையில் முழங்காலில் நிற்கிற ஆள், திருநெல்வேலியை விட்டு வந்து முப்பது வருஷமாகியும் அந்தப் பேச்சை விடாத ஆள், என்னைக் கூப்பிட்டு, "ஏட்டி, அந்தக் கல்ல கையால தொடாத, சொல்லிட்டேன். மாப்பிள்ளைக்கு ஆகாது கேட்டியா" என்றாள். "போம்மா, ஜெபமாலையக் கைல வச்சுக்கிட்டுப் பேசற பேச்சா இது!" என்று கத்தினேன்.

ஒரு சனிக்கிழமை வந்தது பெட்டி. பஞ்சுக்கு நடுவில் ஆறு லென்ஸ், ஒவ்வொன்றும் கோட்டுப் பட்டன் அளவு. நீலமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. தண்ணீர் மாதிரி நிறமே இல்லாமல் இருந்தன. பார்க்க வந்தவர்கள் முகமெல்லாம் தொங்கிப்போயிற்று. இது கண்ணாடியேதான், பம்பாய்க்காரன் ஏமாற்றிவிட்டான் என்றார் தேய்க்கிறவர்களில் ஒருவர். நான் ஒன்றை எடுத்து உதட்டில் வைத்தேன். சுரீர் என்று குளிர்ந்தது. கண்ணாடி அப்படிக் குளிராது. வாயால் ஊதிப் பார்த்தேன். கண்ணாடியில் ஆவி படிந்தால் கொஞ்ச நேரம் நிற்கும், இதில் படிந்த வேகத்தில் மறைந்தது. "கல்லுதான்" என்றேன். முதலாளி எல்லார் முன்னாலும், "பாத்தீங்களா, இதுக்குத்தான் அந்தம்மா வேணும்கிறது" என்றார். எனக்குக் கால் தரையில் இல்லை.

அந்தப் பெருமையோடு மேஜைக்கு வந்து உட்கார்ந்து, என் முறைப்படி முதல் காரியமாக ஆறையும் ஸ்பிரிட் போட்டுத் துடைத்தேன். மூன்று லென்ஸின் ஓரத்தில் ஊதா மையில் சின்னதாக ஒரு புள்ளி இருந்தது. எவனோ மை பட்ட விரலால் தொட்டிருக்கிறான் என்று நினைத்து, இரண்டு தரம் அழுத்தித் துடைத்தேன். ஆறும் பளிச்சென்று ஒன்றுபோல் ஆயின. அதற்குப் பிறகுதான் பெட்டியை மூடப் போய், பஞ்சுக்கு அடியில் மடித்து வைத்திருந்த சீட்டைப் பார்த்தேன். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் எழுத்துக்கூட்டிப் படித்தேன். ஓரத்தில் மைப்புள்ளி உள்ள மூன்று மட்டும் பார்வைக்கு, மற்ற மூன்று சூடு அளக்கும் கருவிக்கு மட்டும், இரண்டையும் கலந்துவிட வேண்டாம் என்று இருந்தது.

எது எது என்று எனக்கு எப்படித் தெரியும்? முன்னறைக்குப் போய், "சார், அழிச்சிட்டேன்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. இப்போதுதான் எல்லார் முன்னாலும் அப்படிப் பேசியிருக்கிறார். பொம்பளை கையில் இவ்வளவு விலையுள்ள சாமானைக் கொடுக்கிறாரே என்று முன்னால் இரண்டு பேர் பொருமிக்கொண்டிருக்கிறார்கள், என் மேஜைக்கு ஆள் தயாராக இருக்கிறது. நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஒரே கல்தானே, ஒரே அளவுதானே, வெட்டுக் கூலியில் ஏதோ வித்தியாசம் இருக்கும். சீட்டை மடித்து என் மேஜை டிராயரில் விரித்திருந்த பேப்பருக்கு அடியில் தள்ளினேன். பிறகு பூதக்கண்ணாடியை எடுத்து ஆறையும் பார்த்தேன். நாலில் ஓரத்தில் நூல் மாதிரிக் கீறலோ, சின்னப் பொரிவோ இருந்தது. இரண்டு மட்டும் குற்றமே இல்லாமல் இருந்தன. அதில் அழகான ஒன்றை எடுத்துப் பார்வைக் குழாய்க்குக் கொடுத்தேன். சூடு அளக்கும் கருவிக்கான ஆர்டர் தள்ளிப்போய்விட்டதால் மற்ற ஐந்தும் டிராயரிலேயே கிடந்தன.

குழாயை மாட்டிய அன்று சாயங்காலம் ஸ்டேஷனில் அவருக்காகக் காத்திருந்தேன். தூரத்தில் வரும்போதே, "எப்படி? தெரியுதா?" என்று கத்தினேன். அவர் கையைத் தூக்கி, "சோக்கா கீதுமே! சினிமா கணக்கா கீது!" என்றார். ரயில் வந்தது, போனது, நாங்கள் ஏறவில்லை. அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றோம். எனக்கு இருந்த சந்தோஷத்தில் அந்தச் சீட்டு மறந்தே போனது.

அதற்கடுத்த ஒன்றரை வருஷம்தான் என் வாழ்க்கையிலேயே நல்ல காலம் என்று நான் வெகுநாள் சொல்லிக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்ததும் சைக்கிளில் என்னை ஏற்றிக்கொண்டு வெள்ளானூர் பக்கம் போவார். அப்போது அங்கே வீடுகள் அவ்வளவு இல்லை. ஏரி, வயல், நடுவில் எல்லைக்கல் நட்ட மனைகள். வாங்கப் போகிறவர்கள்போல இந்த மனை, அந்த மனை என்று காலால் அளந்து பார்ப்போம். இங்கே சமையல்கட்டு, இங்கே மாட்டுக்கொட்டகை என்று நான் சொல்வேன். "மாடு எதுக்குமே? உன்னியே சமாளிக்க முடில" என்பார். ஏரிக்கரையில் உட்கார்ந்து அந்தக் கரையில் நிற்கிற கொக்குகளை எண்ணுவோம். முதலில் அவர்தான் அதிகம் எண்ணுவார். பிறகு பிறகு என் எண்ணிக்கையை முதலில் கேட்டுவிட்டு, அதையே சொல்ல ஆரம்பித்தார். அதை நான் கவனிக்காமல் இல்லை. வயசாகுது என்று கேலி செய்தேன். பாவி நான்.

ஒருநாள் சாம்பாரை ஊற்றும்போது தட்டுக்கு வெளியே ஊற்றினார். மறுநாளே டாக்டரிடம் கூட்டிப்போனேன். அவர் பழைய காகிதத்தை எடுத்துப் பார்த்துவிட்டு, வலது கண் ரொம்பவும் மோசமாகிவிட்டது, இடது கண்ணிலும் லேசாகத் தொடங்கியிருக்கிறது, இவர் இன்னும் நேராகத்தான் நெருப்பைப் பார்க்கிறார் என்றார். எனக்கு வந்ததே கோபம்! "அதெல்லாம் கிடையாது சார். ஒன்றரை வருஷமா என் லென்ஸ் வழியாத்தான் பாக்குறார். நானே பொறுக்கிக் கொடுத்தது, சஃபையர். உங்களுக்குத் தெரியுமா அது?" என்று கேட்டேன். டாக்டர் என் வீட்டுக்காரரைப் பார்த்தார். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு, "ஆமா சார், அதுலதான் பாக்கறன்" என்றார்.

எனக்கு ஒரே எண்ணம்தான். நடுவில் இருக்கிற கறுப்புக் கண்ணாடி விரிசல் விட்டிருக்கும், சூடு அதன் வழியாகக் கசிகிறது. மறுநாள் மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில், அவரிடம் சொல்லாமல், பூதக்கண்ணாடியையும் மஸ்லின் துணியையும் எடுத்துக்கொண்டு ஃபோர்ஜிங் கம்பெனிக்குப் போனேன். அவர் சாப்பிடப் போயிருந்தார். ஹேமர் ஓட்டுகிறவர் மட்டும் அங்கே பீடி பிடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று, "இன்னா அண்ணி, இந்தாண்ட வந்துகீறே?" என்றவர் ஏனோ என் முகத்தைப் பார்க்கவில்லை.

பதினைந்து வருஷம் கழித்தும் அந்தக் காட்சி என் கண்ணில் நிற்கிறது. குழாய் முனையில் ரப்பர் கப் புத்தம் புதிதாக இருந்தது. தினமும் கண்ணும் வேர்வையும் பட்ட ரப்பர் ஒன்றரை வருஷத்தில் வழவழப்பாகி வெடித்திருக்க வேண்டும். இதன்மேல் சாம்பல் தூசி படிந்து, கப்புக்குள் சிலந்தி ஒன்று வீடு கட்டியிருந்தது. பக்கத்தில் சின்னக் கதவின் சங்கிலியோ கை பட்டுப் பட்டு வெள்ளிபோலப் பளபளத்தது. சாமானைப் பார்த்து அது எப்படிப் புழங்கியிருக்கிறது என்று சொல்வதுதான் என் தொழில். எனக்கு யாரும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

தூசியைத் துடைத்துவிட்டுக் கண்ணை வைத்தேன். உள்ளே, சாப்பாட்டு நேரத்துக்குத் தணித்து வைத்திருந்த நெருப்பில் பில்லட்டுகள் வரிசையாகக் கிடந்தன. ஒவ்வொன்றுக்கும் இரண்டு ஓரம். ஒன்றின்மேல் ஒன்று நழுவி, நிழல் விழுந்ததுபோல. எது நிஜ ஓரம், எது பொய் என்று சொல்ல முடியவில்லை. இதில் எந்த ஓரம் வேர்ப்பதைப் பார்ப்பது? டிராயரில் பேப்பருக்கு அடியில் தள்ளிய சீட்டு அந்த நொடியில் எழுத்தெழுத்தாக ஞாபகம் வந்தது. ஐயோ மாதாவே என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

சாப்பிட்டுவிட்டு வந்தவர் என்னைப் பார்த்தார், குழாயைப் பார்த்தார், எல்லாம் புரிந்துவிட்டது.

"எவ்வளவு நாளா?"

"மொத நாள்லேந்து."

"பொய்யா சொன்னீங்க எங்கிட்ட? சினிமா மாதிரி இருக்குன்னு சொன்னீங்களே!"

"கத்தாதமே. அல்லாரும் பாக்கறாங்கோ."

"பாக்கட்டும்! கண்ணு போகுதேய்யா, ஒரு வார்த்தை சொன்னா என்ன?"

அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "மாட்டுன அன்னிக்கே மேனேஜர் அல்லாரையும் இட்டாந்து நிக்க வச்சி, இது இவன் பொஞ்சாதி பொறுக்குன கல்லுன்னு சொல்லிக்கினு இருந்தாரு. நா ரெண்டா தெரியுதுன்னு சொன்னா, உன்ன அந்த மேஜைலேந்து தூக்கிடுவாங்கோ. ஸ்டேஷன்ல நீ கத்திக் கேட்டதும் சோக்கா கீதுன்னு வாய்ல வந்திச்சி, வூட்ல போயி சொல்லிக்கலாம்னு பாத்தேன். நீ வூட்டுக்கு வந்ததும் பாடிக்கினே தோசை சுட்டே. கல்யாணமான நாள்லேந்து நீ பாடி நா கேட்டதில்ல. எப்பிடிமே சொல்றது?"

நான் பாடினேனா? எனக்கு ஞாபகமே இல்லை. அங்கேயே, ஹேமர் ஓட்டுகிறவர் முன்னாலேயே, நான் புள்ளியைத் துடைத்ததையும் சீட்டை ஒளித்ததையும் சொன்னேன். என்னைத் திட்டுவார் என்று பார்த்தேன். அடித்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பேன். "அதான் வுடு. நா தாங்கிக்கினேன்ல. இத்த போய் யாராண்டயும் சொல்லாத, வேல பூடும்" என்றார். எனக்கு அந்த நிமிடத்தில் அவர்மேல் வந்த கோபத்துக்கு அளவில்லை. என் தப்புக்கு அவர் கண்ணைக் கொடுக்க யார் கேட்டது?

நேராகப் பட்டறைக்குப் போய், சீட்டை எடுத்து முதலாளியின் மேஜையில் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். நின்றுகொண்டே சொன்னேன். அவர் பெரிதாக எதுவும் திட்டவில்லை. பம்பாய்க்கு போன் போட்டுப் பேசினார். பிறகு என்னிடம், மரத்துக்கு நாரோட்டம் இருப்பதுபோல இந்தக் கல்லுக்கும் உள்ளே ஒரு திசை இருக்கிறது, அந்தத் திசைக்கு நேராக வெட்டினால் ஒன்று ஒன்றாகவே தெரியும், கோணலாக வெட்டினால் வெளிச்சம் இரண்டாகப் பிரிந்துவிடும் என்றார். கண்ணாடிக்கு அப்படியெல்லாம் திசை கிடையாது. கண்ணாடியிலேயே பழகிய என் கண்ணுக்குக் கீறலும் குமிழியும்தான் குற்றம். "ஒரு வார்த்தை அன்னிக்கே சொல்லியிருக்கலாமேம்மா. வேற ஆறு வரவழைச்சிருப்பேன்" என்றார் முதலாளி. வேலையை விட்டு எடுக்கவும் இல்லை. எடுத்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

விஷயம் தெரிந்ததும் அம்மா ஓடிவந்தாள். "அப்பவே சொன்னேன்லா, நீலம் ஆகாதுன்னு" என்று ஆரம்பித்தாள். வந்த உறவுக்காரர்களுக்கும் அது சௌகரியமாக இருந்தது. எல்லாரும் தலையை ஆட்டினார்கள். "கல்லுமேல பழியப் போடாதீங்க. கல்லு என்ன பண்ணிச்சு? புள்ளி வச்சு, சீட்டும் எழுதித்தான் அனுப்பினான். அழிச்சவ நான்" என்று கத்தி எல்லாரையும் வெளியே அனுப்பினேன். அம்மா ஒரு மாசம் என்னோடு பேசவில்லை.

டிராயரில் மிச்சமிருந்த ஐந்து லென்ஸையும் எடுத்து, ஒரு புது சவர பிளேடை நிறுத்திவைத்து, அதன் ஓரத்தை ஒவ்வொன்றின் வழியாகவும் பெரிதாக்கிப் பார்த்தேன். இரண்டில் பிளேடுக்கு இரண்டு ஓரம். மூன்றில் ஒரே ஓரம், கத்தி மாதிரித் தெளிவாக. அந்த மூன்றும் ஓரத்தில் கீறலும் பொரிவும் இருக்கிறது என்று நான் கழித்துப் போட்டவை. அரை மணி நேர வேலை. அன்றைக்கு அந்தச் சனிக்கிழமையே உட்கார்ந்து செய்திருக்கலாம். அப்போதும் என்னிடம் பிளேடு இருந்தது.

மறுநாள் நானே கூடப் போய்ப் பழைய லென்ஸைக் கழற்றிவிட்டு அந்த மூன்றில் ஒன்றை மாட்டினேன். முதலில் நான் பார்த்தேன். ஒவ்வொரு பில்லட்டுக்கும் ஒரே ஓரம்தான் இருந்தது. நகர்ந்து நின்று அவரைக் கூப்பிட்டேன். மேனேஜர், ஹேமர் ஓட்டுகிறவர் எல்லாரும் நின்றுகொண்டிருந்தார்கள். "என் மனசு நோகும்னு ஒண்ணும் சொல்லக் கூடாது. தெரியறதை மட்டும் சொல்லுங்க. மாதா மேல சத்தியம்" என்றேன்.

அவர் பழக்கத்தில் வலது கண்ணை ரப்பர் கப்பில் வைத்தார். வெகுநேரம் அப்படியே நின்றார்.

"என்ன தெரியுது?" என்றேன்.

"ஒண்ணும் தெர்லமே" என்றார் மெதுவாக. "வெளிச்சம் மட்டும் கீது. இந்தக் கண்ணு பூட்ச்சி."

நான்தான் உண்மையைச் சொல்லச் சொன்னேன். சொல்லிவிட்டார். அவர் தலையைத் திருப்பி இடது கண்ணை வைத்தார். இந்தத் தடவை சீக்கிரமே முதுகு நிமிர்ந்தது.

"இதுல தெரியுது. ஒண்ணாத்தான் தெரியுது. தோ, மூணாவது பில்லட்டு, ஓரம் வேர்க்குது..." என்றவருக்கு அதற்குமேல் குரல் எழும்பவில்லை. அவர் குரல் கொடுக்காமல் அங்கே யாரும் பில்லட்டை எடுக்க மாட்டார்கள். இன்னும் கொஞ்ச நேரம் விட்டால் எரிந்துவிடும்.

நான் ஹேமர் பக்கம் திரும்பி, "அடி!" என்று கத்தினேன்.